பாதி விலையில் பவர் மிஷின்: முன்பணம் அனுப்பலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

திண்டுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 38. பதினான்கு வருடமாக வீட்டிலேயே பெடல் மிஷினில் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறார். முழங்கால் வலி வந்துவிட்டது. தீபாவளி ஆர்டர் இப்போதே குவிகிறது. சீட்டு எடுத்த பணம் 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. மோட்டாரில் ஓடும் பவர் மிஷின் வாங்க வேண்டும். டவுன் கடையில் டேபிள், ஸ்டாண்டு, மோட்டாரோடு 26,500 ரூபாய் சொல்கிறார்கள். போனில் வந்த விளம்பரம் ஒன்றில் அதே மாதிரி மிஷின் 13,900 ரூபாய். வாட்ஸ்அப்பில் விசாரித்தால், "4,500 ரூபாய் முன்பணம் போடுங்கள், மீதியை லாரியில் மிஷின் வந்து இறங்கியதும் கொடுங்கள், ஆஃபர் ஞாயிறு ராத்திரியோடு முடிகிறது" என்கிறார்கள். அந்த விளம்பரப் பக்கத்தில் திருப்பூர் கிடங்கு என்று போட்டிருக்கிறது. கதவு எண் இல்லை. ஜிஎஸ்டி எண் இருக்கிறது, 07 என்று தொடங்குகிறது. பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வருகிறது.

ஐந்து மாதத்துக்கு முன் இதே போல விளம்பரம் பார்த்து 1,450 ரூபாய்க்குப் பட்டுப் பருத்திச் சேலை வாங்கி, வந்தது நைலான் சேலையாக இருந்ததையும் எழுதியிருக்கிறார். அந்த எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. "எட்டாவதோடு நிறுத்தியவள் என்பதால் ஏமாந்தேன். இந்த முறை ஜிஎஸ்டி எண் இருக்கிறது, மீதிப் பணம் பொருளைப் பார்த்த பிறகுதான், பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பிவிடலாம் என்று சட்டமே சொல்கிறது, ஏமாந்தால் பேங்க் பணத்தைத் திருப்பித் தரும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் தொழிலுக்கு வாங்குவதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார் என் கொழுந்தனார். என்ன செய்யட்டும் மேடம்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நெருங்குவதால் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 4,500 ரூபாயை அனுப்பாதீர்கள். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

எட்டாவதோடு நிறுத்தியதால் ஏமாந்தேன் என்று எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. இதே மாதிரி பணத்தை விட்டுவிட்டு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பேராசிரியர் உண்டு, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் உண்டு. யாரும் யோசிக்கத் தெரியாதவர்கள் இல்லை, யோசிக்க நேரம் கிடைக்காதவர்கள். ஞாயிறு ராத்திரி என்று கெடு வைப்பதே அந்த நேரத்தை உங்களிடமிருந்து பறிக்கத்தான். இப்படிப் பொய்யான அவசரத்தைக் காட்டி விற்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்திருக்கிறது. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் முதலாவதே இதுதான். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் விலையைக் கூட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மிஷினைப் பற்றி நிறைய விசாரித்திருக்கிறீர்கள். விற்பவரைப் பற்றி விசாரித்ததாக ஒரு வரிகூட இல்லை. எந்தத் தளத்தில் வாங்கினாலும் முதலில் விற்பவரைப் பாருங்கள், பொருளைப் பிறகு பார்க்கலாம். இதை ஒரு வக்கீலாகச் சொல்கிறேன். நுகர்வோர் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமைகள் நல்ல உரிமைகள். ஆனால் அவற்றைக் கேட்க முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் அனுப்ப ஒரு பெயரும் முகவரியும் வேண்டும். உங்கள் சேலை விஷயத்தில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தும் உங்கள் கை கட்டப்பட்டுப்போனது அதனால்தான்.

அந்த ஜிஎஸ்டி எண் சொல்லும் கதை

எண் இருப்பதால் நம்பிக்கை வந்தது என்கிறீர்கள். அதைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. உங்களுக்கு வந்த 07 டெல்லிக்கு உரியது. அடுத்த பத்து இடங்களில் இருப்பது அந்த வியாபாரியின் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது இடத்தில் உள்ள எழுத்து பி என்றால் தனி ஆள், சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம்.

திருப்பூரில் கிடங்கு வைத்து அங்கிருந்தே சரக்கு அனுப்புகிறவர் ஏன் டெல்லி எண்ணைக் காட்டுகிறார்? பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் கம்பெனி என்றால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி எண் இருக்கும். அப்போதும் திருப்பூரிலிருந்து போகும் சரக்கின் பில்லில் 33தான் வர வேண்டும். உங்கள் மகனிடம் சொல்லி, ஜிஎஸ்டியின் அரசு இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கிடையாது, கணக்கு திறக்கவும் வேண்டாம். சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். வரும் பெயர் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கடையுடையதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அடுத்தவர் எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வது இந்தக் கூட்டத்துக்கு வழக்கம்.

ஒரு நேர்மையான சந்தேகமும் வரலாம். ஜிஎஸ்டி எண் இல்லாதவர் எல்லாரும் ஏமாற்றுக்காரரா? இல்லை. வருட விற்பனை குறைவாக உள்ள சின்ன வியாபாரிகள் பதிவு செய்யாமலே நியாயமாகத் தொழில் செய்கிறார்கள், உங்களைப் போல. எண் இல்லாதது குற்றமில்லை. பொருந்தாத எண்ணைக் காட்டுவதுதான் சந்தேகத்துக்கு உரியது. விளம்பரப் பக்கத்தில் உள்ள கடைப் பெயர், ஜிஎஸ்டி தளத்தில் வரும் பெயர், யுபிஐயில் வரும் பெயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் கடைப் பெயரும் பணம் போகிற பெயரும் இப்போதே வேறு வேறு.

"மீதிப் பணம் பிறகுதானே?"

இந்த ஏற்பாட்டில் உங்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைக்கிறீர்கள். இப்படிப்பட்ட பக்கங்களுக்கு அந்த முன்பணம்தான் வியாபாரமே. மீதி 9,400 ரூபாயை அவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. முன்பணம் போட்டதும் லாரி வாடகை என்பார்கள். அதைக் கட்டினால் இன்சூரன்ஸ், திருப்பித் தருகிற டெபாசிட்தான் என்பார்கள். ஏற்கெனவே போட்ட பணம் போய்விடுமே என்ற பயத்தில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போவோம்.

முன்பணமே இல்லாமல், பொருள் வந்ததும் பணம் என்று விற்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. பணத்தை வாங்கிக்கொள்பவர் கூரியர் பையன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, பிரித்துப் பார்க்க விடவும் அவருக்கு அனுமதி இருக்காது. சில பெரிய தளங்களில் மட்டும், விலை கூடிய பொருள்களுக்கு வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் வசதி இருக்கிறது. அது இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், பெட்டியின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரித்து முடிக்கும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் நுகர்வோர் ஆணையத்தின் முன் அதற்கு இருக்கும் மதிப்பே தனி.

பேங்க் பணத்தைத் திருப்பித் தருமா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவைத்தான் யாரோ உங்களிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணக்கிலிருந்து வேறொருவர் பணம் எடுத்து, அதில் உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாதபோது, மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நஷ்டம் உங்களைச் சேராது என்பது அந்த உத்தரவு. நீங்களே பின் எண் அழுத்தி அனுப்பிய முன்பணத்துக்கு அது பொருந்தாது என்றுதான் வங்கி பதில் சொல்லும்.

ஏழு நாளில் திருப்பும் உரிமை

நிறையப் பேர் இப்படி நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் வாங்கியதை, பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் திருப்பும் பொதுவான உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள் அப்படி ஒரு உரிமை இருக்கிறது. இங்கே ஏழு நாள், பத்து நாள் என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் அந்தந்தத் தளம் தானாகக் கொடுக்கும் வசதி. பொருளுக்குப் பொருள் மாறும். சில பொருளுக்குத் திருப்பவே முடியாது, மாற்றித் தருவோம் என்று மட்டும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படித்து, போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தருகிற உரிமை வேறு, அது இன்னும் பலமானது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதி தாண்டி வந்தாலோ, விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் மாதிரி அவர் கையை மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்னொன்றும் சொல்கிறது: பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அதே கணக்கில்தான் வரும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது.

"சொன்னபடி இல்லாவிட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். என்ன சொன்னார்கள் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். சில வருடங்களுக்கு முன் தையல் தொழில் செய்யும் ஒரு பெண் என் கட்சிக்காரராக வந்தார். ஒரு தளத்தில் பவர் மிஷின் வாங்கியிருந்தார். படத்தில் டேபிள், ஸ்டாண்டு, மோட்டார் எல்லாம் இருந்தன. வந்திறங்கியதோ, தைக்கும் மேல்பகுதியான தலை மட்டும். விவரப் பகுதியைக் கீழே இழுத்துப் பார்த்தபோது, கடைசியில் சின்ன எழுத்தில் "ஹெட் மட்டும்" என்று இருந்தது. படம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று நான் வாதாடிய பிறகு, கடைசியில் அந்த விற்பனையாளர் ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். ஆனால் அந்தத் தீபாவளி சீசன் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. இந்தத் தொழிலில் தலைக்கு மட்டும் விலை போடுவது புதிதில்லை. டவுன் கடையில் 26,500 ரூபாய் சொன்னது முழு செட்டுக்கு. போனில் பார்த்த 13,900 எதற்கு என்று கேட்டீர்களா? இரண்டு விலையையும் ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்க வேண்டும்.

மோட்டாரையும் சேர்த்துக் கேளுங்கள். கிளச் மோட்டார், சுவிட்சைப் போட்டுவிட்டால் நீங்கள் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதிக்கும்போதுதான் ஓடும். சத்தமும் கரண்டும் குறைவு. வீட்டில் வைத்துத் தைக்கும் உங்களுக்கு இந்த வித்தியாசம் மாதாமாதம் கரண்டு பில்லில் தெரியும். என் அம்மா பள்ளிச் சீருடை தைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். பெடல் மிஷினின் பழைய ஊசிகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்த அவருக்கு, பவர் மிஷினுக்கு அவை பொருந்தாது என்று மிஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கொழுந்தனார் சொன்னது

அவர் சொன்னதில் பாதி சரி. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருக்கிறது. அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் இருக்கிறது. நீங்களே உட்கார்ந்து தைக்கப்போகும் மிஷின் இது. நீங்கள் நுகர்வோர்தான். இணையத்தில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் சட்டம் ஒன்றே. நாளைக்குப் பத்து மிஷின் போட்டு ஆள் வைத்துத் தைத்தால் இதே பதிலைச் சொல்லமாட்டேன்.

விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடுகின்றன.

எங்கே வாங்கலாம்?

பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றில் வாங்கலாம் என்று நினைத்தால் அதைத் தடுக்கமாட்டேன். அங்கே குறைந்தபட்சம் பிடிப்பதற்கு ஒரு கை இருக்கிறது. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதையெல்லாம் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். வாங்கிய பிறகு எழுத்தில் கேட்டால் விற்றவரின் தலைமை அலுவலக முகவரியையும் தந்தாக வேண்டும். நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள், ஆறு மாதம் ஓட்டிய பிறகு எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனாலும் இந்த ஒரு பொருளுக்கு என் ஓட்டு டவுன் கடைக்குத்தான். இணையத்தில் வாங்குவதே கூடாது என்பவள் இல்லை நான். நூல், பாபின், கத்தரிக்கோல், லேஸ் எல்லாம் தாராளமாக வாங்குங்கள். பவர் மிஷினை ஒருவர் வந்து பொருத்த வேண்டும், எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்ட வேண்டும், தீபாவளிக்கு முந்தின வாரம் நூல் அறுந்துகொண்டே இருந்தால் வண்டியெடுத்து வர வேண்டும். பெட்டியில் அனுப்பும் விற்பனையாளர் இதில் எதையும் செய்யமாட்டார். தளத்தில் அதே மாடல் முழு செட்டாக என்ன விலை என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த விலையைக் காட்டிப் பேரம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வாரன்டி கொடுப்பது கம்பெனியா கடையா, மோட்டாருக்குத் தனியா என்று கேட்டு, வாரன்டி அட்டையில் சீல் வாங்குங்கள். 26,500 கைக்கு மீறினால், திருப்பூரிலும் மதுரையிலும் ஓட்டிப் பார்த்து வாங்குகிற பழைய பவர் மிஷின்கள் கிடைக்கும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மானியத்தோடு கடன் கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நடை விசாரியுங்கள். "இலவசத் தையல் மிஷின், பதிவுக் கட்டணம் மட்டும்" என்று போனில் வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள்.

சேலைப் பணத்தைப் பற்றி உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது, பெயரும் முகவரியும் இல்லை. இருந்தாலும் அந்த யுபிஐ பரிவர்த்தனையின் எண்ணையும், விளம்பரப் படத்தையும், வந்த சேலையின் படத்தையும் வைத்துத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். அதே கணக்கின் மேல் பத்துப் பேர் புகார் சேர்ந்தால் போலீசுக்கு அது வேறு வழக்கு. இனி எப்போதாவது பணம் போனால் ஐந்து மாதம் காத்திருக்காதீர்கள், அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. சேலைப் பணத்தைத் திருப்பி வாங்கித் தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டு ஒரு ஆப்பை இறக்கச் சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த விளம்பரக்காரர்கள் உங்களை மறுபடி அழைப்பார்கள். அப்போது சண்டை போட வேண்டாம். "முன்பணம் எதற்குங்க, கிடங்குக்கே நேரில் வந்து மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறேன். திருப்பூரில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், கதவு எண் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் முகவரி சொன்னாலும் தனியாகப் பணத்தோடு கிளம்பிவிட வேண்டாம். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.